இருநூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு

பாகூர்,
11.11.2024

தங்கை கோகிலாம்பாளுக்கு,

இங்கு நானும் உன் அண்ணி உஷாராணியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். மழை பிடித்ததும் எனக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. அது வருஷா வருஷம் வருவதுதான். காரைக்காலில் நீயும் மாப்பிள்ளை குணசேகரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

என் கையெழுத்தைக் கண்டு நீ ஆச்சரியப்படுவாய். ஆவணி மாதம் போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. மகள் ப்ரீத்தியின் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் யாரோடும் எனக்கு இனிப் பேச்சு இல்லை என்றேன். நீ போனாய். அதனால் பேச்சு இல்லை. எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. உன் அண்ணியும்தான் போனாள். அவளோடும் இரண்டு மாதமாக இந்த ஏற்பாடுதான். அவள் வாயால் பேசுவாள், நான் உரக்கடை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பதில் எழுதிக் காட்டுவேன். குடும்பம் நடக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கடையில் இருக்கும் கம்ப்யூட்டரில் பிரவுசர் ஒரு குறிப்பிட்ட பக்கத்தைத் திறந்தால் உறைந்துபோகிறது. அம்பு நகராது. மூடும் பொத்தானை அழுத்தினாலும் மூடாது. கொஞ்ச நேரம் கழித்து, ‘இந்தப் பக்கம் பதில் தரவில்லை, காத்திருக்கவா, மூடிவிடவா’ என்று கேட்கிறது. மூடிவிடுகிறேன். அது அரசாங்கத்தின் நில அளவை வரைபடப் பக்கம். சர்வே எண் 212 வரை ஒழுங்காக வருகிறது. அதற்கு மேல் போகமாட்டேன் என்கிறது.

தவளக்குப்பம் ஜங்ஷனில் ஆண்டனி என்று ஒருவன் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. “இன்னா சார், இத்த இன்னும் வெச்சிருக்கீங்க? தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒன்னு வாங்குங்க சார்” என்றான். நோயாளியின் நாடியைப் பிடிக்காமல் பாடைக்கு ஆள் சொல்லும் வைத்தியன். நான் இயற்பியலில் எம்.எஸ்ஸி. முதல் வகுப்பு. 1994-இல் எனக்கு வர வேண்டிய விரிவுரையாளர் வேலை யாருக்குப் போனது, எப்படிப் போனது என்பது உனக்குத் தெரியும். காரணம் தெரியாமல் ஒரு பொருளைத் தூக்கிப் போடுகிறவன் அல்ல நான்.

நீ பள்ளிக்கூடத்தில் நாற்பது கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறாய். என்ன செய்ய வேண்டும் என்று எழுது. போன் செய்யாதே, எடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
சண்முகசுந்தரம்


காரைக்கால்,
17.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை கோகிலா வணங்கி எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முழங்காலுக்கு உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அண்ணியிடம் சொல்லுங்கள், அல்லது எழுதிக் காட்டுங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அவர் கடிதத்தை வாங்கி முகர்ந்து பார்த்து, “யூரியா வாசன அடிக்குது, உங்க அண்ணன்தான்” என்றார்.

ஆண்டனி சொன்னதை இப்போதைக்கு விடுங்கள். பழைய மிஷின்தான், ஆனாலும் காரணம் இல்லாமல் எதுவும் உறைவதில்லை. எனக்குச் சில விவரங்கள் வேண்டும்.

வேறு பக்கங்கள் ஒழுங்காகத் திறக்கின்றனவா? அந்தப் பக்கம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறதா, இடம் மாறுகிறதா? உறைவதற்கு முன் மிஷினுக்குள் இருக்கும் காற்றாடி இரைகிறதா? பிரவுசரைத் திறந்துகொண்டு ஷிப்ட் விசையையும் எஸ்கேப் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பட்டியல் வரும். எந்தப் பக்கம் எவ்வளவு நினைவகத்தைத் தின்கிறது என்று அதில் தெரியும். அந்த எண்ணைக் குறித்து எழுதுங்கள். மற்ற எல்லாப் பக்கங்களையும் மூடிவிட்டு இதை மட்டும் திறந்து பாருங்கள்.

அந்தப் பக்கத்தின் முகவரியை எழுதி அனுப்பினால் நானே இங்கே திறந்து பார்த்துவிடுவேன்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
கோகிலா


பாகூர்,
24.11.2024

கோகிலாம்பாளுக்கு,

நலம். மழை விட்டபாடில்லை. நடவு முடிந்தவர்கள் எல்லாம் உரத்துக்கு நிற்கிறார்கள், மூட்டையோ ஈரம் குடிக்கிறது. நீங்கள் சுகமா?

முகவரி நீளமானது, எழுதினால் பிழை வரும். அதை விடு.

நீ கேட்டதை ஒழுங்காகச் சோதித்தேன். பழைய ஆய்வகக் குறிப்பேட்டில் மிச்சம் இருந்த தாள்களில் பதிவு செய்திருக்கிறேன். காலை, மதியம், மாலை என மூன்று நாள், மொத்தம் ஒன்பது முறை. ஒன்பது முறையும் 212-க்குப் பிறகுதான் நின்றது. இடம் மாறவே இல்லை. மற்ற பக்கங்கள் எல்லாம் திறக்கின்றன. பட்டியலில் இந்த ஒரு பக்கம் மட்டும் ஆயிரத்து எழுநூறு எம்.பி. வரை போய், அதற்கு மேல் எண்ணே நகரவில்லை. காற்றாடி 190-லிருந்தே இரையத் தொடங்குகிறது. முதலில் நான்கு நொடி நாதஸ்வரம் கேட்கும், அதன் பிறகு இரைச்சல்தான்.

ஒரு உண்மையைச் சொல்கிறேன். கோபத்தோடுதான் ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் கோபத்தை மறந்து எண்ணிக்கொண்டிருந்தேன். எப்போதும் ஒரே இடத்தில் நிற்பது தற்செயல் அல்ல. அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. முப்பது வருஷமாக யூரியா, பொட்டாஷ், கடன் கேட்கும் முகங்கள் என்று இருந்துவிட்டேன். ஒரு கேள்வியோடு தூங்கப் போவது எப்படி இருக்கும் என்பதே மறந்திருந்தது.

அண்ணி கடைக்குள் எட்டிப் பார்த்து, “இன்னாத்தையோ நோட்டு போட்டு எழுதிக்கினு கீறீங்களே, பரிட்சையா?” என்றாள். ‘சர்வே’ என்று எழுதிக் காட்டினேன். சிரித்துக்கொண்டே போனாள். இந்த வீட்டில் எல்லாருக்கும் என்னைக் கண்டால் சிரிப்பு. வேலைக்கு வந்த காசம்மாளும் அப்படித்தான் சிரித்தாள். ஆவணியில் நம் அம்மாவின் பித்தளைச் செம்பு நான்கு நாள் காணாமல் போனது. நான் சத்தம் போட்டதும் ஐந்தாம் நாள் அலமாரியில் இருந்தது. எடுத்தவள் பயந்து திரும்ப வைத்திருக்கிறாள். கேட்டேன், அழுதாள், வேலையை விட்டு நின்றுவிட்டாள். நான் எதையும் மறப்பவன் இல்லை என்று இதற்காகத்தான் சொல்கிறேன்.

அடுத்து என்ன செய்வது, எழுது.

சண்முகசுந்தரம்


காரைக்கால்,
9.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

புயலும் தென்பெண்ணை வெள்ளமும் பாகூரை மூழ்கடித்ததை டி.வி.யில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் போன் அணைந்துகிடந்தது. ஆமாம், செய்தேன், மன்னியுங்கள். அண்ணி போனில் ஒரே ஒரு முறை மணி போனது. “வூட்ல தண்ணி இல்ல, கடையில முட்டி அளவு, அவுரு நல்லா இருக்காரு” என்றார், அறுந்துவிட்டது. அந்தக் கடைசி மூன்று சொல் போதும். ஆனாலும் உங்கள் கையால் இரண்டு வரி வந்தால்தான் எனக்கு நிம்மதி.

கம்ப்யூட்டர் தப்பித்ததா என்று கேட்க இது நேரம் இல்லை. ஒருவேளை தப்பித்திருந்தால், பிரவுசர் சேர்த்துவைத்திருக்கும் பழைய குப்பைகளை அழித்துவிடுங்கள். செட்டிங்ஸில் ‘வரலாறு’ என்ற இடத்தில் இருக்கும். எக்ஸ்டென்ஷன் என்று யாராவது எதையாவது ஒட்டிவைத்திருந்தால் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பிறகு திறந்து பாருங்கள்.

வரைபடத்திலிருந்து சத்தம் வந்து தொந்தரவு செய்தால், பக்கத்தின் தலைப்பில் வலது கிளிக் செய்து ஒலியை அடைத்துவிடலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளத்தில் நின்ற காலுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் போடுங்கள்.

கோகிலா


பாகூர்,
28.12.2024

கோகிலாம்பாளுக்கு,

உயிரோடு இருக்கிறோம். தண்ணீர் வடிந்து சேறு மிச்சம். கடையில் அறுபத்திரண்டு மூட்டை போய்விட்டது. நிவாரணக் கணக்கெடுக்க வந்தவன் முப்பது என்று எழுதினான். அவன் பெயரையும் குறித்துவைத்திருக்கிறேன்.

அண்ணி உனக்குப் போனில் சொன்னாள் என்று உன் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தண்ணீர் கடைக்குள் வந்தபோது அவள் வாசலில் நின்று, “மூட்டையத் தூக்குங்கன்னா, இந்த மனுசன் டப்பாவத் தூக்குறாரு பாரு” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். உண்மைதான். முதலில் கம்ப்யூட்டரைத்தான் மேல் பலகையில் தூக்கிவைத்தேன். ஏன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

மின்சாரம் வந்து ஒரு வாரம் கழித்து நீ சொன்னபடி குப்பையை அழித்தேன். எக்ஸ்டென்ஷன் மூன்று இருந்தன, நிறுத்தினேன். முன்பு 212-ஐ எட்ட ஆறு நிமிஷம் ஆகும், இப்போது இரண்டே நிமிஷம். முன்னேற்றம்தான். ஆனால் அதே இடத்தில், அதே நாதஸ்வரத்தோடு நின்றது. ஒலியை அடைத்தும் பார்த்தேன். சத்தம் நின்றது, பக்கமும் நின்றது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் மார்ச் 15 வரைதான் இருக்குமாம். அதற்குள் முடிக்க வேண்டும்.

வருகிற பொங்கலுக்கு உங்களுக்கு வாழ்த்து. மாப்பிள்ளையின் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது?

சண்முகசுந்தரம்


காரைக்கால்,
20.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கல் நல்லபடி கழிந்தது. அவருக்கு மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள், வேறு குறை இல்லை. பதில் எழுத நாளாகிவிட்டது. பள்ளியில் செய்முறைத் தேர்வு வேலை. மூன்று முறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நில வரைபடத்தை ஏன் மார்ச் மாதத்தில் எடுத்துவிடுகிறார்கள் என்று தெரியவில்லை. அது அரசாங்கத்தின் இஷ்டம்.

உங்கள் மிஷினில் ரேம் நான்குதான் இருக்கும். எட்டாக்கினால் நல்லது. ஆண்டனியிடமே போடலாம், பத்து நிமிஷ வேலை. போட்டுப் பாருங்கள். அதன் பிறகு யோசிப்போம்.

வேறு ஒன்றும் விசேஷம் இல்லை. அண்ணிக்கு என் அன்பு.

கோகிலா


பாகூர்,
2.2.2025

கோகிலாம்பாளுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

ரேம் போட்டாயிற்று. ஆண்டனி ஸ்குரூவைக் கழற்றிக்கொண்டே, “அப்படி இன்னா சார் பாக்கப் போறீங்க? எங்கிட்ட காட்டுங்க, நான் தொறந்து தரேன்” என்றான். “உன் வேலையைப் பார்” என்றேன். “கோச்சிக்காதீங்க சார், இவ்ளோ நாளா ஒரே பக்கத்துக்கு ஒருத்தர் அலையறத நான் பார்த்ததே இல்ல, அதான் கேட்டேன்” என்றான். அவன் கேட்டதில் தவறு இல்லை என்று பஸ்ஸில் திரும்பும்போது தோன்றியது.

ரேம் எட்டு. காற்றாடி முன்போல் இரையவில்லை. 212 வரை வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போயிற்று. பிறகு நின்றது.

அது நில வரைபடம் அல்ல. உனக்கு எப்போதோ தெரிந்திருக்கும். நாதஸ்வரத்தை நான் எழுதியிருக்கக் கூடாது, கை எழுதிவிட்டது. அது ப்ரீத்தி கல்யாணத்தின் போட்டோப் பக்கம். போட்டோகிராபர் அச்சடித்த அட்டை, முகவரியோடும் கடவுச்சொல்லோடும், என் பஞ்சாங்கத்துக்குள் இருந்தது. இந்த வீட்டில் பஞ்சாங்கத்தைத் தொடுகிறவன் நான் ஒருவன்தான். யார் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அண்ணியின் போனில் எல்லாப் படமும் இருக்கும், எனக்குத் தெரியும். ‘காட்டு’ என்று ஒரு சொல் எழுதிக் காட்டினால் போதும். அந்தச் சொல்லைத்தான் என்னால் எழுத முடியவில்லை.

மாப்பிள்ளைப் பையன் ராஜ்குமார் நரம்பைக் குப்பத்தான், மீன் ஏலம் எடுக்கிற வீடு என்பதால் நான் போகவில்லை என்று ஊரில் பேசுகிறார்கள். பேசட்டும். எனக்கு வலித்தது வேறு. ப்ரீத்தி எனக்குத் தகவல் சொன்னாள், என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு மாதம் முறைத்துவிட்டு ஒப்புக்கொண்டிருப்பேனோ என்னவோ. அந்த இரண்டு மாதத்தை அவள் எனக்குத் தரவில்லை.

212-ஆவது படம் வரை எல்லாம் பார்த்துவிட்டேன். பெண் அழைப்பு, காப்புக்கட்டு, கூறைப்புடவையோடு அவள் மணையில் வந்து உட்கார்வது. அடுத்து வர வேண்டியது தாரை வார்ப்பது. பெண்ணைப் பெற்ற தகப்பன் அவள் கையை மாப்பிள்ளை கையில் வைத்துப் பிடிக்க, தாய் செம்பிலிருந்து நீர் வார்க்க வேண்டும். தம்பதியாகத்தான் செய்ய முடியும். நான் இல்லாததால் உன் அண்ணியும் உட்கார்ந்திருக்க முடியாது. அப்படியானால் என் இடத்தில் உட்கார்ந்தது யார்?

என் மச்சான் அய்யனாராகத்தான் இருக்கும். அவன் என்னைக் கடையில் பத்துப் பேர் முன்னால், “படிச்சவருன்றாங்கோ, பொட்டாஷ் வித்துக்கினு கீறாரு” என்று சொன்னவன். அவன் கை என் மகள் கையைப் பிடித்ததா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அவன் என்றால் ப்ரீத்தியின் முகத்தில் இனி நான் விழிப்பதாக இல்லை.

நீ அங்கே இருந்தாய். எனக்குச் சொல்லாதே. அடுத்தவர் சொல்லி நான் எதையும் நம்பியது இல்லை. கண்ணால் பார்க்க வேண்டும். வழியை மட்டும் சொல்.

சண்முகசுந்தரம்


பாகூர்,
20.2.2025

கோகிலாம்பாளுக்கு,

சுகமா? பதினெட்டு நாளாகப் பதில் இல்லை. தபால்காரரை இரண்டு முறை வழிமறித்துக் கேட்டுவிட்டேன். “காரைக்கால்லேர்ந்து வந்தா மொத ஆளா உங்களுக்குத்தான் சார்” என்றார்.

இன்னும் இருபத்து மூன்று நாள்தான் இருக்கிறது.

சண்முகசுந்தரம்


காரைக்கால்,
25.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மையார் கோயிலில் வேண்டிக்கொண்டுவந்து இதை எழுதுகிறேன். பதில் தாமதித்ததற்குப் பள்ளிக்கூட வேலை காரணம் அல்ல.

உங்கள் கம்ப்யூட்டருக்கு எந்த நோயும் இல்லை. எனக்கு நவம்பர் மாதமே அது தெரியும். நாதஸ்வரம் என்று படித்த அன்றே அந்தப் பக்கத்தை என் ஆய்வகத்தில் திறந்தேன். எனக்கும் அந்த அட்டை வந்திருந்தது. 212-க்கு அடுத்த இடத்தில் மூன்று பெரிய வீடியோக்கள் இருக்கின்றன. போட்டோகிராபர் அவற்றைச் சுருக்காமல் அப்படியே ஏற்றிவிட்டார். அங்கே வந்ததும் மூன்றும் ஒரே நேரத்தில் தாமாகவே ஓட ஆரம்பிக்கின்றன. என் புது மிஷினே பத்து நொடி திணறியது.

குப்பையை அழியுங்கள், ரேம் போடுங்கள் என்று நான் எழுதியதெல்லாம் பொய் இல்லை. மிஷினுக்கு நல்லதுதான். ஆனால் நோய்க்கு மருந்து அது அல்ல என்று தெரிந்தே எழுதினேன். உங்களை மூன்று மாதம் சுற்றவிட்டேன். மார்ச் 15 தாண்டிவிட்டால் பக்கமே போய்விடும், பிறகு எனக்குக் கவலை இல்லை என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். ஏன் என்று நீங்கள் பார்க்கும்போது புரியும். சொல்லாதே என்று எழுதியிருக்கிறீர்கள், சொல்லவில்லை.

வழி இதுதான். பிரவுசரின் செட்டிங்ஸில் ‘தானாக ஓடுவது’ என்று தேடுங்கள். வீடியோ, ஒலி இரண்டையும் தடுத்துவிடுங்கள். அதே செட்டிங்ஸில் ‘ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன்’ என்று ஒன்று இருக்கும். உங்கள் மிஷினின் பழைய கார்டுக்கு அது ஆகாது, அணைத்துவிடுங்கள். பிரவுசரை மூடித் திறங்கள். மெதுவாக இறங்கிப் போங்கள். ‘காத்திருக்கவா, மூடிவிடவா’ என்று கேட்டால் மூடிவிடாதீர்கள், அண்ணா. காத்திருங்கள்.

பார்த்த பிறகு எனக்கு எழுதாமலே இருந்துவிட்டாலும் நான் வருத்தப்படமாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வருத்தப்படுவேன்.

கோகிலா


பாகூர்,
6.3.2025

கோகிலாவுக்கு,

நலம். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு இப்போது ரத்த அழுத்தம் எப்படி?

நீ எழுதியபடி இரண்டையும் செய்தேன். கடையை மதியம் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். 212 வந்தது. 213-உம் வந்தது. அவ்வளவு சுலபமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, கையை எடுத்துவிட்டேன்.

நீயும் மாப்பிள்ளை குணசேகரனும்.

முதலில் எழுந்துபோய் வாசலில் நின்றேன். கோபம் வர வேண்டும் என்று நின்றேன். அய்யனார் இல்லை என்பதில் வந்த நிம்மதி கோபத்தை முந்திக்கொண்டது. திரும்ப வந்து உட்கார்ந்து இயற்பியல்காரனாகப் பார்த்தேன். குணசேகரன் ப்ரீத்தியின் கையைப் பிடித்திருக்கும் விதம் தவறு. உள்ளங்கையைத் தாங்க வேண்டும், அவர் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். நீ நிமிர்ந்து கேமராவைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு அண்ணி நிற்கிறாள், வாயைப் புடவைத் தலைப்பால் மூடியிருக்கிறாள். அவள் அழுது நான் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது.

பிறகு உன் கையில் இருக்கும் செம்பைப் பார்த்தேன். படத்தைப் பெரிதாக்கினேன். வாயோரம் நசுங்கல். நீ ஏழு வயதில் கிணற்றடியில் போட்டு, அண்ணன்தான் போட்டது என்று அப்பாவிடம் சொல்லி எனக்கு அடி வாங்கித் தந்த நசுங்கல். ஆவணியில் நான்கு நாள் காணாமல் போன செம்பு. அண்ணி புடவைக்குள் மறைத்து எடுத்துப் போயிருக்கிறாள். நான் போகாவிட்டாலும் என் வீட்டுச் செம்பு போயிருக்கிறது. ஆறு மாதமாகத் தினம் காலையில் அதில்தான் தண்ணீர் குடிக்கிறேன்.

காசம்மாள் வீட்டுக்கு நேற்றுப் போனேன். “நீ எடுக்கவில்லை” என்றேன். “அத்த நான் அப்பவே சொன்னேனே சாமி” என்றாள். திரும்ப வர முடியுமா என்று கேட்டேன். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வருகிறாள்.

என்னைச் சுற்றவிட்டாய் என்று எழுதியிருந்தாய். அதையும் குறித்துவைத்துக்கொண்டேன். ஆனால் அந்த மூன்று மாதம் எனக்குக் கிடைக்காமல் போயிருந்தால், நவம்பரிலேயே இந்தப் படத்தைப் பார்த்திருந்தால், கம்ப்யூட்டரைத் தெருவில் எறிந்திருப்பேன். ஆண்டனிக்கு ஒரு வியாபாரம் ஆகியிருக்கும்.

இப்போது ஒரு தொழில்நுட்பச் சந்தேகம். பக்கத்தின் அடியில் வாழ்த்து எழுத ஒரு பெட்டி இருக்கிறது. பெயர், ஊர் போட்டு ஒரே ஒரு சொல் எழுதினேன். வாழ்த்து எல்லாம் இல்லை, தகவல்தான். அனுப்புவதற்கு முன்னால், நீர் விழுவதைப் பார்க்க வேண்டும் என்று அந்த வீடியோவை ஓடவிட்டிருந்தேன். அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது எல்லாம் உறைந்துவிட்டது. திரும்ப அழுத்தினேன். பல முறை அழுத்தினேன். ‘காத்திருக்கவா’ என்று கேட்டது. காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பெட்டி காலியாகிவிட்டது. போனதா, போகவில்லையா தெரியவில்லை. மேலே ஏறிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. நீ பார்த்து எழுது. போகவில்லை என்றால் விட்டுவிடலாம்.

சண்முகசுந்தரம்


காரைக்கால்,
10.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம், சுகம். அவருக்கு ரத்த அழுத்தம் நேற்றிலிருந்து இறங்கியிருக்கிறது. மணிக்கட்டு விஷயத்தை வாசித்துக் காட்டினேன். “நடுங்கிச்சு, அதான் கெட்டியாப் புடிச்சேன்னு எழுது” என்கிறார்.

போயிருக்கிறது, அண்ணா. பிரவுசர் உறைந்திருக்கும்போது நாம் அழுத்துவதெல்லாம் தொலைந்துபோவதில்லை. வரிசையில் நின்றுகொண்டிருக்கும். உறைவு விட்டதும் ஒவ்வொன்றாக உள்ளே போகும். நீங்கள் பதினான்கு முறை அழுத்தியிருக்கிறீர்கள்.

‘சண்முகசுந்தரம், பாகூர். பார்த்தேன்.’ ‘சண்முகசுந்தரம், பாகூர். பார்த்தேன்.’ மேலிருந்து கீழ்வரை பதினான்கு. அதற்குக் கீழே மிச்சப் பேருடைய வாழ்த்தெல்லாம் கண்ணுக்கே தெரியவில்லை.

எனக்கு முன்னால் ப்ரீத்தி பார்த்துவிட்டாள். போன் செய்தாள். “அத்தே, இன்னா அத்தே இது, அப்பா பதினாலு தடவ எழுதிக்கீறாரு! சாப்ட்டியான்னு கேட்டாகூட ஒரு தடவைக்கு மேல கேக்கமாட்டாரே!” என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பின்னாலிருந்து ராஜ்குமார், “மிசின் ஸ்டக் ஆகியிருக்கும், ப்ரீத்தி” என்று சரியாகச் சொன்னார். “நீ சும்மா இரு” என்றாள் அவரிடம்.

போட்டோகிராபர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டாராம், தவறுதலாக வந்திருக்கிறது, பதின்மூன்றை எடுத்துவிட்டு ஒன்றை வைக்கட்டுமா என்று. எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பக்கத்தை அப்படியே அச்செடுத்துவைத்திருக்கிறாள், 15-ஆம் தேதிக்குப் பிறகும் இருக்க வேண்டும் என்று. உங்களுக்குச் சம்மதம் இல்லை என்றால் எழுதுங்கள், நான் அவளிடம் பேசுகிறேன்.

இன்னொன்றும் கேட்டாள். “நான் வூட்டுக்கு வரலாமான்னு அப்பாகிட்ட கேட்டுச் சொல்லு அத்தே” என்றாள். சொல்லவில்லை, கேட்கிறாள். அதை மட்டும் கவனியுங்கள்.

உங்கள் தங்கை,
கோகிலா


பாகூர்,
14.3.2025

கோகிலாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். மாப்பிள்ளை மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்.

மிஷின் செய்த பிழையைத் திருத்துவது என் வேலை அல்ல. பதினான்கும் இருக்கட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு மறு ஞாயிறு அவர்கள் வரட்டும். கடைக் கம்ப்யூட்டரைப் பார்க்க ராஜ்குமார் வருகிறார், கூட ப்ரீத்தியும் வருகிறாள் என்று உன் அண்ணியிடம் சொன்னேன். எழுதிக் காட்டவில்லை, வாயால் சொன்னேன். அடுப்படியில் இருந்தவள் கரண்டியோடு வெளியே வந்து, “இன்னா சொன்னீங்க?” என்றாள். இன்னொரு முறை சொன்னேன். “காதுல விழல, இன்னொரு வாட்டி சொல்லுங்க” என்றாள். விழுந்தது, எனக்குத் தெரியும். மூன்றாவது முறையும் சொன்னேன்.

நீயும் மாப்பிள்ளையும் அன்றைக்கு வந்துவிடுங்கள். காரைக்காலில் காலை முதல் பஸ் பிடித்தால் சாப்பாட்டு வேளைக்கு வந்துவிடலாம்.

உன் வழியைப் பின்பற்றியதிலிருந்து கம்ப்யூட்டர் ஒருமுறைகூட நிற்கவில்லை. ராஜ்குமாரிடம் அதைச் சொல்லிவிடாதே.

உன் அண்ணன்,
சண்முகசுந்தரம்